திறக்காத சாலையில் பதிவான சத்தம்

தம்பி எடுக்கிற படத்துக்கு ஒலிப்பதிவு செய்ய அவள் சம்மதித்தது அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல்தான். அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்பா சாவதற்கு முன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த மூன்று நாளும் அவர் மூச்சு ஏறி இறங்குவதை அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். யாருக்கும் போட்டுக் காட்டுவதற்காக அல்ல. சிலர் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவளுக்குச் சத்தம். தம்பி அதை அவளுடைய கணினியிலிருந்து கேட்காமல் எடுத்து, தன் குறும்படத்தில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேயின் மூச்சாகப் போட்டுவிட்டான். திரையிடலுக்குப் போய் உட்கார்ந்தவள் முதல் மூச்சிலேயே கண்டுகொண்டாள். பாதியில் எழுந்து வெளியே போனவள் அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. அந்தப் படத்துக்குப் பரிசும் கிடைத்தது. வயிற்றெரிச்சலுக்கு அது வேறு.

இப்போது அவன் எடுப்பது முழுநீளப் படம். பரீட்சை முடித்த நான்கு பிள்ளைகள் காரில் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். ஒரு லாரி பின்னாலேயே வருகிறது. ஓட்டுகிறவன் முகம் கடைசிவரை தெரியாது. காரிலிருந்து ஒருவரை இறக்கிவிட்டால் லாரி அந்த ஆளுக்காக நின்றுவிடும், மற்றவர்கள் கொஞ்ச தூரம் தப்பிக்கலாம். பிறகு மறுபடியும் வரும். யாரை அடுத்து இறக்கிவிடுவது என்று பிள்ளைகள் தங்களுக்குள் கடித்துக் குதறிக்கொள்வதுதான் கதை. கதை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அதை அவளே ஒத்துக்கொண்டாள், மனசுக்குள்.

விளக்கு வாடகைக்கு எடுக்க வழியில்லாததால் பேய்ப்படம் முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது. அம்மாவின் வீடுதான் அலுவலகம். அம்மாவின் கட்டிலில் ரத்தக்கறை பூசிய சட்டைகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன. சமையலறை அலமாரியில் சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரைப் பாகு பாட்டில் பாட்டிலாக நின்றது, அதைத் தேடி எறும்பும் வந்தது. மூன்றாம் நாள் ஒலிப்பதிவாளர், உங்கள் மகனோடு மனுஷன் வேலை பார்ப்பானா என்று அம்மாவிடமே சொல்லிவிட்டு மூட்டை கட்டினார். உடனே அம்மா மகளைப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். நாலாம் நாள் இவள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"வேலை முடியற வரைக்கும் வேலையைப் பத்தி மட்டும்தான் பேசணும்" என்றாள் தம்பியிடம். அவன் சரி என்று தலையாட்டினான். அவன் தலையாட்டுவது யாருக்கு வேண்டும்.

யூனிட்டில் அவளுக்குக் காது என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபது பேர் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒரு மூலையில் போன் அதிர்ந்தால் அவள் கை நீண்டுவிடும், யாருடையது அணை என்று. பிள்ளைகள் மட்டும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நான்கு பேருக்கும் வேலையையோ தோற்றத்தையோ வைத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது. காரை ஓட்டுகிறவன் ஸ்டியரிங். பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. முன்சீட்டில் அவன் பக்கத்தில் நாயகி. பின்சீட்டில் கண்ணாடிக்காரி என்ற ஒல்லிப் பெண்ணும், கதையில் முதலில் சாகப்போகிற உயரக்காரனும். தினமும் காலையில் ஒவ்வொருவரின் காலருக்குள்ளும் நகம் அளவு மைக்கை அவள் ஒட்டிவிடுவாள். சட்டையில் உரசாமல் இருக்கப் பஞ்சு வைப்பாள். அப்போது அவர்கள் இதயம் அடிப்பதுகூட விரலுக்குத் தெரியும். நாயகிக்கு மட்டும் எப்போதும் வேகமாக அடிக்கும். "எனக்கு இந்தப் படம் ஓடியே ஆகணும் அக்கா" என்று முதல் நாளே சொன்ன பெண் அவள்.

லாரிக்காரர் ஐம்பது வயதுக்காரர், முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். சினிமாவில் வருவதற்காக இல்லை, லாரி சும்மா நிற்கிறதே என்று வந்தவர். முகம் தெரியக்கூடாது என்று அவருடைய முன்கண்ணாடி முழுக்கத் தம்பி கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னான். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதன் வழியாகத்தான் அவர் பார்த்து ஓட்ட வேண்டும். "கண்ணைக் கட்டின மாடு மாதிரி இருக்கு சார்" என்று அவர் சொன்னதற்கு யூனிட்டே சிரித்தது.

அந்த நாள் எடுக்க வேண்டியது பெரிய துரத்தல். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத நாலு வழிச் சாலை. ஐந்து கிலோமீட்டருக்கு வண்டி நடமாட்டம் கிடையாது, முடிவில் கட்டி முடிக்காத பாலம். அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பாகத் தரையில் வெள்ளை சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அங்கே எல்லா வண்டியும் நின்றுவிட வேண்டும். அவள் காலையிலேயே தனியாக வந்து காற்றின் சத்தத்தையும் தூரத்தில் கல்லுடைக்கும் சத்தத்தையும் பதிவு செய்துகொண்டு சாலையோரமாக நடந்து பார்த்திருந்தாள். வலப்பக்கம் நெடுக இடுப்பளவு சிமெண்ட் தடுப்பு. இடப்பக்கம் செம்மண், ஜல்லிக் குவியல்கள், மூன்றாவது குவியலைத் தாண்டி ரோடு போடும் இயந்திரங்களை நிறுத்தும், இப்போது காலியாகக் கிடந்த மேடு.

படம் எடுக்கும் முன் தம்பி பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசினான். லாரி முப்பது அடிக்குள் வராது, நெருங்கி வருவதுபோல் லென்ஸில் காட்டிக்கொள்ளலாம், நீங்கள் முன்னால் போகும் பிக்கப் வண்டியைப் பார்த்தபடி ஒரே வேகத்தில் ஓட்டினால் போதும் என்றான். அவள் காதாலேயே கேட்டாள். அப்புறம் காரிலிருந்த வாக்கி டாக்கியை, படத்தில் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டான். அதையும் பார்த்தாள். லாரிப் பக்கம் போய் அவரிடம் என்ன சொன்னான் என்பது மட்டும் காற்றில் கேட்கவில்லை.

பிக்கப்பின் பின்தட்டில் பின்னால் பார்த்தபடி கேமரா. அதை ஒட்டிக் கேமராக்காரர், தம்பி, அவள். தம்பியும் ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டியிருந்தான். மத்தியானம் இரண்டு மணி. தார் உருகி மினுமினுத்தது. பிக்கப் கிளம்பியது, பத்தடி விட்டுக் கார், அதற்குப் பின்னால் ஹாரனை அலறவிட்டபடி லாரி.

முதல் ஒரு நிமிஷம் எல்லாம் எழுதி வைத்தபடி நடந்தது. நாயகி வசனத்தைச் சொன்னாள், உயரக்காரன் பதில் சொன்னான். தம்பி வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோய், "அண்ணே, இன்னும் கிட்ட. அவங்களுக்குத் தெரியும். தைரியமா வாங்க" என்றான்.

லாரி இருபது அடி, பிறகு பத்தடி, பிறகு கார்க் கண்ணாடி முழுக்க லாரியின் முன்பக்க வலைக்கம்பிதான். ஹெட்போனில் ஸ்டியரிங்கின் குரல் மாறியது.

"ஏய், இது ஏன் இவ்ளோ கிட்ட வருது?"

"டயலாக்க சொல்லு" என்றாள் நாயகி. அடுத்த மூச்சில், "டைரக்டர் அண்ணன் முப்பது அடின்னுதானே சொன்னாரு" என்றாள்.

டொக் என்று ஒரு சத்தம். லாரி காரின் பின்பம்பரை முட்டியது. நான்கு மைக்கிலும் ஒரே நேரத்தில் கத்தல் எழுந்தது. அவள் பதினாறு வருஷமாகக் கத்தல்களைப் பதிவு செய்கிறவள். தொண்டையிலிருந்து வருவது எது, வயிற்றிலிருந்து வருவது எது என்று அவளுக்குத் தெரியும். இது நடிப்பு இல்லை.

"நிறுத்தச் சொல்லு. அவங்க நிஜமா பயப்படறாங்க" என்றாள் தம்பியிடம்.

அவன் கண்ணை எடுக்காமல், "அக்கா, நீ சவுண்ட் லெவலை மட்டும் பாரு" என்றான்.

மறுபடியும் முட்டியது. கண்ணாடிக்காரி அம்மா, அம்மா என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள். உயரக்காரனிடமிருந்து சத்தமே இல்லை, பற்கள் தந்தியடிப்பது மட்டும் கேட்டது. பிரேக் போட்டால் லாரி ஏறிவிடும், வேகம் கூட்டினால் முன்னால் பிக்கப். ஸ்டியரிங் என்ன செய்வான். அப்போதுதான் நாயகியின் குரல் வந்தது, தாழ்ந்து, அவசரமாக.

"இவளை எறக்கி விட்டுடு. கதவைத் தொற. இவ எறங்கினா அது நின்னுடும். தள்ளுடா அவளை, தள்ளு."

உடனே ஒரு கதவுப் பிடியை இழுக்கும் சத்தம் கேட்டது. இழுத்தது யார் என்று தெரியவில்லை.

தம்பிக்கும் இது ஒரு காதில் கேட்டது. அவன் முகம் மலர்ந்ததை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். "நான் எழுதவே இல்ல. இதை நான் எழுதவே இல்ல" என்று முணுமுணுத்தான், சாமியைக் கண்டவன் மாதிரி.

அவள் வாக்கி டாக்கியைப் பிடுங்கப் போனாள். அவன் முழங்கையால் அவள் மார்பில் இடித்துத் தள்ளினான். கேமராக்காரர் தலையைத் திருப்பவில்லை. சுண்ணாம்புக் கோடு நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே பிக்கப் நிற்கும். கார் நிற்குமா, உள்ளங்கை அகல இடைவெளியில் பார்க்கிற மனுஷன் நிறுத்துவாரா, அவளுக்கு அதை யோசிக்க நேரமில்லை. இரண்டாவது ஜல்லிக் குவியல் கடந்து போனது. அவள் எழுந்து கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள். ஆளுயரத்துக்கு நீளும் மைக் கம்பை இரண்டு கையாலும் உயர்த்தி, சாலையின் இடது பக்கமாக வீசிக் காட்டினாள். ஒரு தரம், இன்னொரு தரம். கண்ணாடிக்கு அப்பால் ஸ்டியரிங்கின் கண் அவளைப் பிடித்துக்கொண்டது. கார் இடது பக்கம் ஒடித்துத் திரும்பியது.

மூன்றாவது குவியலைக் கார் முழுசாகத் தாண்டவில்லை. ஓரச் சக்கரம் ஜல்லியில் ஏறி, கார் அரைச் சுற்று சுற்றி, மேட்டில் தூசியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. லாரி அதைக் கடந்து நூறு அடி போய், டயர் தேய ஓலமிட்டு நின்றது.

ஸ்டியரிங்கின் வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. நாயகிக்கு நெற்றியில் இரண்டு அங்குலக் கிழிசல். மற்ற இருவருக்கும் காயம் இல்லை. ஆனால் கண்ணாடிக்காரி காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள். கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு, நாயகி கண்ணாடியைத் தட்டியபோது முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

லாரிக்காரர் நடந்து வந்தார். ஆரம்பத்தில் அவருக்கு விபத்து என்றுதான் புரிந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, வாக்கி டாக்கிகூட அவர்களிடம் இல்லை என்று அவள் சொன்ன பிறகு நேரே தம்பியிடம் போனார்.

"எனக்கும் இந்த வயசுல புள்ளைங்க இருக்கு. என் கையால என்ன செய்ய வெச்சே நீ?"

தம்பி ஏதோ விளக்க ஆரம்பித்தான். அவர் கேட்கவில்லை. லாரியில் ஏறி, கறுப்புத் தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்துச் சாலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் தம்பி, வண்டி ஓட்டிப் பழகும்போது பையன் தானாகப் போய் மோதிக்கொண்டான் என்று எழுதிக் கொடுத்தான். ஸ்டியரிங் மயக்க ஊசியில் கிடந்தான், வேறு யாரும் மறுத்துச் சொல்லவில்லை, அவள் உட்பட. அவள் பதிவுக் கருவியிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் கைப்பையின் உள்பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்தாள். நான்கு பிள்ளைகளின் குரலோடு வாக்கி டாக்கியில் தம்பி பேசியதும் தனித் தடத்தில் அதில் இருந்தது. அவங்களுக்குத் தெரியும், தைரியமா வாங்க.

அன்று சாயங்காலமே வீட்டில் சண்டை வெடித்தது. கார்டைக் கொடு என்றான் தம்பி. முடியாது என்றாள். ஹாலில் தொடங்கி அம்மாவின் அறைக்குள் போய், ரத்தச் சட்டைகளுக்கு நடுவில் நின்று கத்திக்கொண்டார்கள்.

"அவன் கை ஒடஞ்சதுக்குக் காரணம் நீ. இன்னும் இருநூறு அடியில எல்லாரும் நின்னிருப்போம். நடுவுல கம்பைத் தூக்கி ஆட்டினது யாரு?"

"லாரியை மேல ஏத்தச் சொன்னது யாரு?"

"ஏத்தல. முட்டச் சொன்னேன்." அந்த வித்தியாசத்தை அவன் மெய்யாகவே நம்பினான். "அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. அவங்க கத்த ஆரம்பிச்சப்போ உன் விரல் என்ன பண்ணுச்சு? நான் பார்த்துட்டுதான் இருந்தேன். லெவலைக் குறைச்சே. சத்தம் கரகரன்னு ஒடஞ்சிடக் கூடாதுன்னு அழகா குறைச்சே. அப்பா மூச்சையும் நீதான் பதிவு பண்ணினே. நான் எடுத்துப் போட்டேன், அவ்ளோதான். நம்ம ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு?"

அவன் சொன்னது பொய் இல்லை. முதல் கத்தல் எழுந்த கணத்தில் அவளுடைய ஆள்காட்டி விரல் தானாகவே லெவல் குமிழைத் திருகியிருந்தது. அதனால்தான் அந்தப் பதிவு அத்தனை சுத்தமாக இருந்தது.

அம்மா வாசல்படியில் நின்றாள். மகன் பக்கம் பேசுவாள் என்று தெரியும். ஆனால் இப்படி என்று தெரியாது.

"கைதானே ஒடஞ்சுது. கூடிடும். இவன் படம் நின்னா கூடுமா? அந்தக் கார்டைக் குடுத்துட்டுப் போடி. பொறாமைல அவன் தலைல கல்லைப் போட்டுட்டுப் போகாத."

மகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவை விலகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டு நாள் கழித்து நாயகி அவளுடைய அறையைத் தேடி வந்தாள். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க நின்ற பெண்ணின் நெற்றியில் பிளாஸ்டர். உட்கார் என்று சொல்லும்வரை உட்காரவில்லை. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். கார்டை டைரக்டர் அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கத்தல் படத்தில் வர வேண்டும். வேறு எந்தக் காட்சியிலும் தன்னால் அப்படிச் செய்ய முடியாது என்று அவளுக்கே தெரியுமாம்.

"எனக்கு இந்த ஒண்ணுதான் கெடச்சிருக்கு அக்கா. நீங்க அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"நீ அதைக் கேட்டியா?"

"நான்தானே கத்தினேன். கேக்கறதுக்கு என்ன?"

கேட்காமல் இருப்பது நல்லது என்று அக்கா ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பெண் பிடிவாதமாகக் கையை நீட்டினாள். அக்கா ஹெட்போனைக் கொடுத்து, கார்டின் நகலை ஓடவிட்டாள். நாயகி தரையைப் பார்த்தபடி கேட்டாள். முதல் முட்டலில் உடம்பு தூக்கிப் போட்டது. தன் கத்தலைக் கேட்டபோது உதட்டோரத்தில் மெல்லிய பெருமைகூடத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வார்த்தைகள் வந்திருக்க வேண்டும். ஹெட்போனுக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எந்த இடம் ஓடுகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரத்தம் சுண்டி முகம் காகிதமாகியது.

வெகுநேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அவ ரெண்டு நாளா என் போனை எடுக்கல. இதனாலயா?"

"இருக்கலாம்."

"எனக்கு ஞாபகமே இல்ல அக்கா. சத்தியமா இல்ல. கதைல அப்படித்தானே வரும், அதைத்தான் ஏதோ..." நாயகி நிமிர்ந்து பார்த்தாள். "கதவை இழுத்தது நானா?"

"தெரியல."

பெண் அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை. ஹெட்போன் வயரைச் சுருட்டிச் சுருட்டி விரலில் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அதை மட்டும் வெட்டிட முடியுமா?" என்று கேட்டாள்.

"வெட்டலாம்."

"வெட்டிட்டு மீதியைக் குடுத்துடுங்க."

அக்காவுக்குக் கோபம் மண்டையில் ஏறியது. தம்பி கொடுக்கச் சொன்னது ஒன்று, அம்மா மறக்கச் சொன்னது ஒன்று, இந்தப் பெண் வெட்டச் சொல்வது ஒன்று. ஆளாளுக்கு அவரவர் பங்கை நறுக்கிக்கொண்டு போனால் கை ஒடிந்தவனுக்கு என்ன மிஞ்சும். அதையே கொஞ்சமும் இரக்கமில்லாத வார்த்தைகளில் சொன்னாள். நாயகி எழுந்து, "அப்போ நீங்க எங்களைக் காப்பாத்தினது எங்களுக்காக இல்ல. உங்க தம்பியை மாட்டி விடறதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அப்படி இல்லை என்று தன்னிடமே அவளால் துணிந்து சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவள் கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்கின் வீட்டுக்குப் போனாள். அவனுடைய அப்பா தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பிரித்துப்போட்ட மோட்டார்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. பையன் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே இருந்து வந்தான்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் கம்பைக் காட்டியதையும், குமிழைத் திருகியதையும் சேர்த்து. பிறகு அவர்கள் முன்னால் முழுவதையும் போட்டுக் காட்டினாள். நாயகி பேசிய இடம் வந்தபோது ஸ்டியரிங் கண்ணை மூடிக்கொண்டான். வாக்கி டாக்கியில் தம்பியின் குரல் வந்தபோது அப்பா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"உன் தம்பின்னா சொன்னே?" என்று கேட்டார்.

"ஆமா."

"அவன் ஆஸ்பத்திரில வெச்சு என் மகனுக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னு என்கிட்டயே சொன்னான். நானும் நம்பி இவனைத் திட்டினேன், கை கட்டோட படுத்திருக்கறப்போ." அவர் மகனைப் பார்க்கவில்லை. "நீயும் அன்னிக்கு அங்கதான் இருந்தே. நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தே? மூணு நாள் கழிச்சு வர்றே."

அவள் கார்டை மேசைமேல் வைத்தாள்.

ஸ்டியரிங் மட்டும் வாசல்வரை வந்தான். கம்பைப் பார்த்திராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கைத்தான் மிதித்திருப்பேன் என்றான். நன்றி என்று சொல்லவில்லை. அவன் குரலிலேயே அது இருந்தது.

ஸ்டியரிங்கின் அப்பா போலீசுக்குப் போனார். தம்பியைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது பொய் என்று அவன் கையாலேயே மாற்றி எழுதினான். அந்த நாள் எடுத்த படத்தையும் சத்தத்தையும் நான்கு பிள்ளைகளும் சம்மதித்தால் மட்டுமே பயன்படுத்தலாம் என்று முடிவானது. நாயகி சம்மதித்தாள், உயரக்காரனும் சம்மதித்தான். ஸ்டியரிங் மாட்டேன் என்றான். கண்ணாடிக்காரி வரவே இல்லை, அவளுடைய அம்மா வந்து பேனாவைக்கூடத் தொடாமல் திரும்பிப் போனாள்.

படம் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு லாரியை வைத்து, முப்பது அடி தூரத்தில், லென்ஸால் நெருக்கிக்கொண்டு துரத்தலைத் திரும்ப எடுத்தார்கள். முதலில் பிள்ளைகளிடம் சொன்னது அதுதானே. கண்ணாடிக்காரிக்குப் பதில் வேறொரு பெண் பின்சீட்டில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். நாயகி பத்தொன்பது தடவை கத்தியும் தம்பிக்குத் திருப்தி வரவில்லை என்று கேமராக்காரர் வழியில் பார்த்தபோது அவளிடம் சொன்னார். அன்று தலையைத் திருப்பாத மனுஷன் இப்போது ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் பேசினார். அவள் கேட்டுக்கொண்டாள். மன்னிக்கவில்லை.

அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். இருந்தாலும் யூனிட்டுக்குப் போட்டுக் காட்டும் நாளுக்கு அழைப்பு வந்தது, வேலை பார்த்தவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்ததால். அறுபது பேர் உட்காரும் சின்ன தியேட்டர். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். துரத்தல் வந்தது. நன்றாகவே எடுத்திருந்தான், சும்மா சொல்லக்கூடாது. இரண்டொருவர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் முன்வரிசையில் ஒருவர் கொட்டாவியும் விட்டார். திரையில் நாயகி வாயைத் திறந்தபோது யாரோ ஒரு டப்பிங்காரியின் கத்தல் வந்தது. அவளுக்கோ அதற்கு அடியில் இன்னொரு கத்தல் ஓடிக்கொண்டே இருந்தது. கைப்பிடியில் கிடந்த ஆள்காட்டி விரலை மடக்கி உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் நாயகி அவளைக் கடந்து போனாள். நெற்றித் தழும்பை முடியால் மறைத்திருந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் போனாள்.

தம்பி மாடிப்படியில் அவளை மறித்து நின்றான். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. சுற்றி ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சந்தோஷமா உனக்கு? என் படத்தோட உயிரைப் புடுங்கிட்டே. எல்லாரும் பரவாயில்ல பரவாயில்லங்கறான். பரவாயில்லைங்கறதுக்கா நான் படம் எடுத்தேன்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, எதைச் சொன்னாலும் அவன் காதில் ஏறாது என்றும் தெரிந்தது.

"துரத்தல்ல டப்பிங் ரெண்டு ஃப்ரேம் பின்னாடி வருது" என்றாள். "வாய் தொறந்து கொஞ்சம் கழிச்சுதான் கத்தறா. ரிலீசுக்கு முன்னாடி சரி பண்ணச் சொல்லு."

அவன் ஒரு கணம் தடுமாறினான். அவள் சொன்னால் தப்பாக இருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

"நீயே வந்து பண்ணிக் குடு."

"மாட்டேன்" என்றாள் அவள். அவன் தோளை இடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.